செவிலியரின் விரல் கண்டதை எழுத ஒரு கட்டம் வேண்டும்

பெறுநர்: தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை; தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம்

அன்புடையீர்,

வணக்கம். கையில் வெளிர்ந்த தேமலோடு ஒருவர் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறார். செவிலியர் கைப்பேசியில் படம் எடுக்கிறார். எங்கோ இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்து மருந்து எழுதுகிறார். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியான பிறகு, இ-சஞ்சீவனி போன்ற தளங்கள் வழியாக இது அன்றாடக் காட்சியாகிவிட்டது. இதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் இந்தக் காட்சியில் செவிலியரின் இடம் என்ன என்பதை இன்னும் யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

தொலைவழிப் பார்வைக்கு எல்லாவற்றையும்விடத் தோல் எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். தோல்தான் கண்ணுக்குத் தெரிகிறதே! குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. படத்தில் போவது நிறம், வடிவம், விளிம்பு, பரவியிருக்கும் இடம் ஆகியவை மட்டும். சூடு போகாது. அழுத்தினால் கல்போல் இருக்கிறதா, சதசதவென்று இருக்கிறதா என்பது போகாது. நாற்றம் போகாது. தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்பது போகவே போகாது. இவை எல்லாம் நோயாளியின் பக்கத்தில் நிற்பவரின் கையிலும் மூக்கிலும்தான் இருக்கின்றன. நடைமுறையிலோ மருத்துவருக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வது ஒரு வரிப் புகாரும் இரண்டு படங்களும். எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி, படத்தை ஏற்றுவதற்கு முன் செவிலியர் தொட்டுச் சோதித்ததை அவர் பெயருடன் எழுதும் கட்டம் ஒன்று கட்டாயமாக வேண்டும். அது காலியாக இருந்தால் படம் போகக்கூடாது.

அந்தத் தேமலையே எடுத்துக்கொள்வோம். வெளிர்ந்த படை பூஞ்சைத் தேமலாக இருக்கலாம், குழந்தைகளின் கன்னத்தில் வரும் சாதாரண வெள்ளைப் படையாக இருக்கலாம், வெண்புள்ளியின் தொடக்கமாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த நல்ல படத்தில்கூட இவற்றில் சில ஒன்றுபோலவே தெரியும். பிரித்துக் காட்டுவது ஒரு பஞ்சுத் திரி. முதலில் நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்ல தோலில் தொட்டு, எங்கே தொடுகிறோமோ அங்கே விரலை வைக்கச் சொல்ல வேண்டும். புரிந்துகொண்டாரா என்று பார்த்துவிட்டுக் கண்ணை மூடச் சொல்லி, படையின் நடுவிலும் பக்கத்து நல்ல தோலிலும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். தடவக்கூடாது, தடவினால் பக்கத்துத் தோல் சொல்லிவிடும். பிறகு முழங்கையின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால் ஓடும் அல்நார் நரம்பை இரண்டு கையிலும் தடவிப் பார்த்து, ஒரு பக்கம் தடித்திருக்கிறதா, வலிக்கிறதா என்று எழுத வேண்டும். முகத்தில் உள்ள படையில் உணர்ச்சி குறையாமலே இருக்கலாம். அங்கே சோதனை சரியாக இருந்தது என்பதற்காக நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. இத்தனையும் நான்கைந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அனுப்பிய படத்துக்குப் பூஞ்சைக் களிம்பு எழுதப்பட்டால் தவறு மருத்துவருடையதா, செவிலியருடையதா? இப்போதைய ஏற்பாட்டில் இதற்குப் பதிலே இல்லை.

படர்தாமரையில் சிக்கல் வேறு மாதிரி. மருந்துக்கடையில் வாங்கிப் பூசிய கலவைக் களிம்பில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். பூசியதும் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், பூஞ்சை மட்டும் நிம்மதியாக வளரும். படர்தாமரைக்கே உரிய உயர்ந்த வட்ட விளிம்பு கலைந்துபோகும். அந்தப் படத்தைப் பார்க்கும் மருத்துவர் கரப்பான் (எக்ஸிமா) என்று நினைத்து இன்னொரு ஸ்டீராய்டை எழுத வாய்ப்பிருக்கிறது. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018 இல் விதி வந்தும் கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் தோலைப் படமெடுக்கும் முன் பையைத் திறக்கச் சொல்ல வேண்டும். பூசிய எல்லா ட்யூபையும் வாங்கி, பெயர் அச்சிட்ட பக்கத்தை விட்டுவிட்டு, உட்பொருள் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எத்தனை நாள் பூசினார், கடைசியாக எப்போது பூசினார் என்ற இரண்டு விவரமும் கூடவே போக வேண்டும். பெரும்பாலும் தோலின் படத்தைவிட ட்யூபின் படமே அதிகம் பேசும்.

சொறி சிரங்கில் படம் ஒரு ஆளைத்தான் காட்டும். நோயோ வீடு முழுக்க இருக்கும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், மார்புக் காம்பைச் சுற்றி, பிறப்புறுப்பு என்று இடங்களைக் கேட்டு எழுதுவதோடு, வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு இரவில் அரிப்பு என்பதையும் செவிலியர்தான் எழுத வேண்டும். 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 கிராம் வேண்டும்: கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு உட்பட, 8 முதல் 14 மணி நேரம் ஊறவிட்டுக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. கைக்குழந்தைக்குத் தலையிலும் பூச வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை மருத்துவரிடம் நேரில் அனுப்ப வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குத் திரையில் வருவது ஒருவர் பெயரில் ஒரு ட்யூப்! மூன்று வாரத்தில் அதே குடும்பம் திரும்பி வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பதிவாகும். வேலை செய்யாதது கணக்கு. இன்னொன்று: பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம். இதைச் சொல்லி அனுப்பாவிட்டால் மக்கள் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள். சொல்ல வேண்டியவர் திரையில் இல்லை, எதிரில் இருக்கிறார்.

இனிப் படத்துக்கு வருவோம். "போட்டோதானே" என்று சொல்பவர்கள் மாநிறத் தோலைக் குழல்விளக்கின் கீழ் எடுத்துப் பார்க்கட்டும். நம் மக்களின் தோலில் வீக்கச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில நேரம் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரியும். வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் கால் வைத்து எடுத்தால், கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். கால் கருத்துப்போகும், சிவப்பு அறவே தொலையும். அதனால் பின்னால் நீலமோ பச்சையோ துணி விரிக்க வேண்டும். ஜன்னலோர நிழல் வெளிச்சம் நல்லது. நேர் வெயிலும் பிளாஷும் ஈரத் தோலில் பளபளத்து நிறத்தை விழுங்கும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் எல்லாத் தோலும் மஞ்சள் காமாலைபோலத் தெரியும்.

கைப்பேசியில் அழகூட்டும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது மேடு பள்ளத்தை மழுப்பும். தோல் நோயில் நமக்கு வேண்டியதே அந்த மேடு பள்ளம்தான். முதல் வேலையாக அதை நிறுத்த வேண்டும். லென்ஸைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். மிக அருகில் கொண்டுபோனால் அகலக் கோண லென்ஸ் தானே மாறிக்கொண்டு ஓரங்களை வளைத்துவிடும், கைப்பேசியின் நிழலும் விழும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று முதன்மை லென்ஸில் எடுத்துவிட்டு, தேவையானால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். திரையில் புண்ணின் மேல் விரலை வைத்துக் குவியம் சரிசெய்ய வேண்டும்.

ஒரு நோயாளிக்கு நான்கு படம். முதலாவது, இரண்டு கால்களும் முழங்காலிலிருந்து விரல் வரை, அல்லது முதுகு முழுவதும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே பாதி நோயறிதல். அடுத்தது நடுத்தூரத்தில், பக்கத்தில் அளவுகோலுடன். மூன்றாவது கிட்டப் படம். நான்காவது, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தது. செதிலும் தடிப்பும் நிழல் விழுந்தால்தான் தெரியும். அளவுக்கு நாணயம் வைக்கும் பழக்கம் இருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயமே பல அளவுகளில் புழக்கத்தில் இருக்கிறது, வேண்டாம். ஒரு முறை பயன்படுத்தி வீசும் காகித அளவுகோலில் தேதியும் நோயாளி எண்ணும் எழுதி வைத்தால் போதும். பெயரும் முகமும் தேவையில்லை.

புண்ணில் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறார்கள் என்பது தனிக் கதை. மஞ்சள்தூள் பூசிய புண் படத்தில் அழுகிய சதை படிந்ததுபோலத் தெரியும். ஊதா மருந்து சுற்றியுள்ள சிவப்பை மறைக்கும். அயோடின் கரைசல் பழுப்பேற்றும். தீக்காயக் களிம்பான சில்வர் சல்ஃபடயசின், வெள்ளையும் சாம்பலுமாக ஒரு போலிப் படலத்தை உண்டாக்கும். அதைச் செத்த தோல் என்று நினைத்து வெட்டச் சொல்லிவிடுவார்கள். ஆகவே கட்டைப் பிரித்ததும் ஒரு படம், உப்புநீரில் கழுவி ஒற்றிய பிறகு ஒரு படம், என்ன பூசியிருந்தது என்று ஒரு வரி. மூன்றும் சேர்ந்தால்தான் பொருள்.

இதையெல்லாம் விட அதிகம் நேரம் கேட்பதும் அதிகம் பலன் தருவதும் நாள்பட்ட புண்ணின் தொடர் கவனிப்பு. அதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். செவிலியரின் தொழில் மாறிவிட்டது என்பது அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு வாரம் ஒரு முறை அளவு எடுக்க வேண்டும். நீளம் என்றால் தலையிலிருந்து கால் நோக்கிய திசை. அகலம் அதற்குக் குறுக்கே. பாதத்தில் இந்தத் திசை குழப்பம் தரும். குதிகாலிலிருந்து விரல் நோக்கி என்று வைத்துக்கொண்டு, முதல் வாரம் வைத்ததை மாற்றாமல் இருந்தால் போதும். இரண்டையும் பெருக்கினால் உண்மைப் பரப்பைவிட அதிகம் வரும். புண் நீள்வட்டமாக இருந்தால் 0.785 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். ஆழத்தை நுண்ணுயிர் நீக்கிய பஞ்சுக் குச்சியால் பார்த்து, அது தோல்மட்டத்தைத் தொடும் இடத்தில் விரலால் பிடித்து அளவுகோலில் வைக்க வேண்டும். மழுங்கிய உலோகக் குச்சி எலும்பில் "டக்" என்று தட்டினால், புண் வெளியில் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் எலும்புத் தொற்று என்று சந்தேகித்து அன்றே மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்த "டக்" எந்தப் படத்திலும் கேட்காது.

படத்திலிருந்தே பரப்பைக் கணக்கிடும் செயலிகள் வந்திருக்கின்றன. வசதிதான். ஆனால் கைப்பேசியை 30 பாகை சாய்த்துப் பிடித்தால் சாய்ந்த திசையில் அளவு 13 சதவீதம் குறைந்து காட்டும். போன வாரம் நேராக எடுத்து, இந்த வாரம் சாய்வாக எடுத்தால் புண் ஆறிக்கொண்டிருக்கிறது என்று வரைபடம் மகிழ்ச்சியாக இறங்கும். குதிகால் போன்ற வளைந்த இடத்தில் பிழை இன்னும் கூடும். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாத பாதப் புண் அதே சிகிச்சையில் ஆறுவது கடினம் என்பது நன்கு நிறுவப்பட்ட கணக்கு. நான்காம் வாரம் எடுக்க வேண்டிய அந்த முடிவு, முதல் வாரமும் நான்காம் வாரமும் படமெடுத்த கோணத்தைப் பொறுத்திருக்கிறது. ஆகவே அளவுகோல் புண்ணின் அதே தளத்தில், தோலை ஒட்டி இருக்க வேண்டும். கேமரா அதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். செயலியின் எண்ணும் கையால் அளந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கையால் அளந்ததே பதிவாக வேண்டும். இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் செவிலியருக்கு எழுத்தில் வேண்டும்.

உணர்ச்சிச் சோதனைக்கு 10 கிராம் மோனோஃபிலமென்ட், அதாவது வளையும்போது 10 கிராம் அளவு அழுத்தும் நைலான் இழை. பெருவிரலின் அடி, முதல் மற்றும் ஐந்தாம் விரல்மூட்டுகளின் அடி ஆகிய மூன்று இடம்; இழை வளையும் வரை அழுத்தி எடுக்க வேண்டும். தடித்த காய்ப்பின் மேலோ புண்ணின் மேலோ வைக்கக்கூடாது. ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை கேட்க வேண்டும், அதில் ஒரு முறை தொடாமலே. மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னால் உணர்ச்சி இருக்கிறது. பலருக்கும் தெரியாத ஒன்று: தொடர்ந்து பத்துப் பேருக்குப் பயன்படுத்தினால் இழை தளர்ந்து 10 கிராமைவிடக் குறைவாக அழுத்தும், 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். எனவே முகாம் நாளில் ஒரே ஒரு இழையை வைத்துக்கொண்டு நூறு பேரைச் சோதிப்பது கணக்குக்கு மட்டுமே உதவும். நிலையத்துக்கு இரண்டாவது இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

சூடு இன்னொரு சான்று. இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை அளந்து, ஒன்று மற்றதைவிட 2.2 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருந்தால் அந்த இடத்தில் உள்ளே அழற்சி இருக்கிறது. காயமே இல்லாமல் சிவந்து, வீங்கி, சுடுகிற பாதத்தைப் படத்தில் பார்த்தால் கிருமித் தொற்று என்றுதான் தோன்றும். மாத்திரை எழுதி, நடந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது, நரம்பு உணர்ச்சி போனதால் எலும்பும் மூட்டும் சிதையும் சார்கோ பாதமாக இருந்தால் நடக்க நடக்க எலும்புகள் நொறுங்கிப் பாதம் தோணிபோல வளைந்துவிடும். பாதத்தின் மேல் எடை விழாமல் உடனே தடுப்பதே அங்கே முதல் மருந்து. எக்ஸ்ரே வரும்வரை காலூன்றாதே என்று சொல்லும் உரிமை பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கு இருக்க வேண்டும். திரையின் பதிலுக்குக் காத்திருக்கக்கூடாது.

கால் புண்ணுக்கு இறுக்கக் கட்டுப் போடச் சொல்லித் திரையிலிருந்து அறிவுரை வருவதும் உண்டு. கணுக்கால் ரத்த அழுத்தத்தை டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க உதவும் கருவி) கேட்டு, கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்காமல் இறுக்கக் கட்டு போடவே கூடாது. 0.9 க்குக் கீழே போனால் ரத்தக் குழாய் நோய், 0.5 க்குக் கீழே என்றால் இறுக்கக் கட்டு காலையே கொன்றுவிடும். சர்க்கரை நோயாளிக்குக் குழாய் சுண்ணாம்பேறியிருந்தால் எண் பொய்யாக உயர்ந்து 1.3 ஐத் தாண்டும். அதை நல்ல எண் என்று நினைத்துவிடக்கூடாது. டாப்ளர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்றாவது வேண்டும். "பாதம் பாதுகாப்போம்" என்று திட்டம் வைத்திருக்கும் மாநிலத்தில் இது பெரிய கோரிக்கை ஆகாது என்று நம்புகிறோம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் போகிறார்கள். ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்ற வேண்டியிருப்பதால் இரண்டு வருகைக்கு நடுவே வீட்டார் அனுப்பும் படமே துணை. படுக்கைப் புண்ணின் முதல் நிலையை வெளிநாட்டுப் பாடப்புத்தகம் "அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு" என்கிறது. கருத்த தோலில் வெளுப்பதும் தெரியாது, சிவப்பதும் தெரியாது. வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் பின்னங்கையை வைத்து, சுற்றுப்புறத்தைவிடச் சூடா, குளிரா, கெட்டியா, சதசதப்பா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தோலைச் சற்று ஈரமாக்கினால் நிற வேறுபாடு கொஞ்சம் தெளிவாகும். இந்தச் சோதனையை மகளுக்கோ மருமகளுக்கோ கற்றுக்கொடுத்து, படத்தோடு குரல்பதிவாக அனுப்பச் சொல்வது தொலைநுட்பம் செவிலியருக்குக் கொண்டுவந்த புதிய வேலை: இப்போது அவர் ஆசிரியர். கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும். எந்த மாத அறிக்கையிலும் அந்த மணி நேரத்துக்கு இடமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுவது, குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலின் கீழ் தலையணை வைப்பது, நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையைத் தூக்கி எறிவது (அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கிறது) ஆகியவை படம் பார்த்துச் சொல்லும் ஆலோசனையில் வருவதில்லை.

தொலைவழிக்கு அனுப்பாமல் 108 ஐ அழைக்க வேண்டியவை எவை என்பதும் சுவரில் ஒட்டும் அளவுக்குத் தெளிவாக வேண்டும். மாத்திரை தொடங்கிய சில நாள் அல்லது வாரங்களில் வாயிலும் கண்ணிலும் புண்ணோடு தோல் உரிவது: வலிப்பு மாத்திரை, அலோப்யூரினால், சல்ஃபா என்று கேட்டறிந்து எல்லாவற்றையும் நிறுத்தி அனுப்ப வேண்டும். காய்ச்சலோடு அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள். தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத அளவு வலி, அழுத்தினால் நறநறவென்ற சத்தம். கண்ணைச் சுற்றிய வீக்கம். பச்சிளம் குழந்தைக்குக் கொப்புளம். தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்குப் புதிதாகக் கை தொங்குவது, கண் மூடாமல் போவது. இதற்கு நாள் கணக்கில் தாமதித்தால் நரம்பு திரும்பாது. இவற்றில் எதையும் படமெடுத்துப் பதிலுக்குக் காத்திருந்த செவிலியரைக் காலதாமதத்துக்குக் குறைசொல்லலாம். படமெடுக்காமல் அனுப்பியதற்காக யாரும் குறைசொல்லக்கூடாது. இரண்டாவது பாதி இப்போது எழுத்தில் இல்லை.

பொறுப்பைப் பற்றி எங்கள் நிலை இது. கண்டதை உள்ளபடி எழுதுவது செவிலியரின் பொறுப்பு. அதைக்கொண்டு முடிவெடுப்பது மருத்துவரின் பொறுப்பு. 2020 வழிகாட்டுதல்கள் செவிலியரை ஆலோசனைக்கு உதவும் சுகாதாரப் பணியாளர் என்று வகைப்படுத்துகின்றன. பணியாளர் வழியாக ஆலோசனை தொடங்கும்போது நோயாளியின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்கின்றன. குளோட்ரிமசோல், மூபிரோசின், கலமைன், பென்சைல் பென்சோயேட் போன்ற தோல் மருந்துகளை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமானால் அது காணொளி ஆலோசனையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே இருக்கிறது. அப்படியிருக்க, மாலையில் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு "என்ன டாக்டர் கொடுக்கலாம்?" என்று கேட்பதும், ஒற்றை வரியில் பதில் வருவதும், அந்த வரியை வைத்து மருந்து கொடுப்பதும் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது? ஏதாவது நேர்ந்தால் மாட்டுவது யார் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் குழுக்களில் படம் சுருங்கித் தரமிழக்கிறது. எல்லோர் கைப்பேசியிலும் சேமிப்பாகிறது. சொந்தக் கைப்பேசியில் எடுத்ததென்றால் குடும்பப் படங்களோடு தானாக மேகச் சேமிப்புக்கும் போகிறது. 2023 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் ஒரு பெண்ணின் மார்பில் உள்ள சிரங்கு செவிலியரின் சொந்தக் கைப்பேசியில் கிடக்கக்கூடாது. நிலையத்துக்குச் சொந்தமான கைப்பேசி ஒன்று, படம் ஏறியதும் அழியும் ஏற்பாடு ஒன்று. அந்தரங்க உறுப்புகளைப் படமே எடுக்காமல் சொற்களால் எழுதி அனுப்பவும், நேரில் பார்க்க வேண்டும் என்று குறிக்கவும் செவிலியருக்கு உரிமை.

மருத்துவரைக் கேட்காமலே தொடங்கக்கூடியவை எவை என்று நிலையான ஆணை ஒன்றும் வேண்டும். புண்ணை உப்புநீரில் கழுவுவது, ஒட்டாத கட்டு, புண்ணின் மேல் எடை விழாமல் தடுப்பது, எம்சிஆர் (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்புக்குப் பரிந்துரை, வறண்ட தோலுக்கு எண்ணெய் (சர்க்கரை நோயாளிக்கு விரலிடுக்கில் வேண்டாம்), உறுதியான சொறி சிரங்கில் குடும்பம் முழுமைக்கும் பெர்மெத்ரின். இந்தப் பட்டியலைத் தோல் மருத்துவர்களும் செவிலியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதட்டும்.

பயிற்சி என்றால் இணையவழியில் இரண்டு மணி நேரம் என்று ஆகிவிட்டது. விரலுக்குப் பயிற்சி இணையத்தில் வராது. மருத்துவக் கல்லூரித் தோல் புறநோயாளிப் பிரிவில் இரண்டு வாரம் இருந்தால் பெரும்பாலான நோய்கள் கண்ணில் பட்டுவிடும். நரம்பைத் தடவிப் பார்க்கவும் உணர்ச்சி சோதிக்கவும் செங்கல்பட்டு மத்திய தொழுநோய் நிறுவனமும் வேலூருக்கு அருகில் கரிகிரியும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அதைவிட மலிவான பயிற்சி ஒன்றும் உண்டு: அனுப்பிய படத்துக்கு இறுதியில் என்ன நோய் என்று முடிவானது என்பது செவிலியருக்குத் திரும்பி வர வேண்டும். தேமல் என்று நினைத்தது தொழுநோயாக முடிந்ததா, கரப்பான் என்று எழுதியது பூஞ்சையாக முடிந்ததா என்று தெரிந்தால் அடுத்த நூறு பேருக்கு அந்தக் கண் உதவும். இப்போது படம் போகிறது, மருந்து வருகிறது, கதவு மூடிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு பார்த்துச் சொல்லிவிடும் என்று சில நிறுவனங்கள் வருகின்றன. பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்களில் கற்ற கருவியை, நம் ஊர் மாநிறத்தில் சோதித்த முடிவைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக நேரம். கட்டைப் பிரித்து, கழுவி, அளந்து, நான்கு படம் எடுத்து, சோதித்து, எழுதி, ஆலோசனை முடிந்து, மறுபடி கட்டுப் போட அரை மணி நேரம் அதிகமில்லை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிப் பதிவு, தொற்றாநோய்ப் பதிவு என்று ஏற்கெனவே ஒரே கையில் இத்தனை செயலிகள் இருக்கும்போது இந்த அரை மணி நேரம் எதிலிருந்து வருகிறது? தோல், புண் தொலை ஆலோசனையை கிராம சுகாதாரச் செவிலியர், இடைநிலை சுகாதாரப் பணியாளர், நோய்த்தணிப்புச் செவிலியர் ஆகியோரின் பணிப்பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்து, வாரத்தில் ஒரு முற்பகலை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். அந்த முற்பகலில் மறுமுனையில் தோல் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்திருப்பதும் உறுதியாக வேண்டும். குழுமம் தன் பங்குக்கு, தொலைவழித் தோல் பரிசோதனையைச் செவிலியர் பயிற்சியின் அங்கமாக ஏற்று, அதன் எல்லைகளை வகுத்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
தோல் மற்றும் புண் பராமரிப்பில் பணியாற்றும் செவிலியர்கள்

பி.கு.: பாதத்தின் சூட்டை அளக்கப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானிகள் அலமாரிகளில் கிடக்கின்றன. நெற்றி முறையில் அளந்தால் அது தோல் வெப்பத்தோடு எதையோ கூட்டி உடல் வெப்பமாக மாற்றிக் காட்டும். பாதத்துக்கு அந்த எண் பயன்படாது. மேற்பரப்பு முறைக்கு மாற்றும் பொத்தான் பல கருவிகளில் இருக்கிறது. அந்தப் பொத்தான் உள்ளவற்றைத் தேடியெடுத்து, பேட்டரி மாற்றி, துணை சுகாதார நிலையத்துக்கு ஒன்றாக அனுப்பிவைத்தால் போதும்.